எக்ஸ்பி காலத்துப் பிரிண்டரும் நான்கு இயங்குதளங்களும்

என்னிடம் உள்ள கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர், விண்டோஸ் எக்ஸ்பி கோலோச்சிய காலத்தில் வாங்கியது. மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். திரையில் படித்துப் பிழை பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டே படிக்கிறேன். டோனரை எத்தனையோ முறை நிரப்பியாகிவிட்டது. தாள் இழுக்கும் ரப்பர் உருளை தேய்ந்தது, மாற்றினேன். டோனரைச் சூட்டால் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசரின் மெல்லிய உறை கிழிந்தது, அதற்கும் உதிரிபாகம் கிடைத்தது. இயந்திரப் பழுதுகள் எதுவும் அதை நீண்ட நாள் நிறுத்தி வைத்ததில்லை. அது வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தது கணினியில் இயங்குதளத்தை மாற்றியபோதெல்லாம்தான். எக்ஸ்பி, விண்டோஸ் 7, விண்டோஸ் 10, இப்போது டெபியன் லினக்ஸ் என நான்கைப் பார்த்துவிட்டேன். பரணில் ஏற்றப்பட்ட பல பிரிண்டர்களுக்கும் ஸ்கேனர்களுக்கும் ஒரு குறையும் இல்லை. கணினி அவற்றோடு பேச உதவும் மென்பொருளான டிரைவரைத்தான் கைவிட்டுவிட்டார்கள்.

இது புரிய வேண்டுமானால், மலிவு விலைப் பிரிண்டருக்குள் என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். அலுவலகங்களுக்கான பிரிண்டர்கள் போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் போன்ற பக்க விவரிப்பு மொழிகளைத் தாமே அறிந்தவை. இந்த இடத்தில் இந்த எழுத்து, இந்த அளவில் என்று கணினி சொன்னால் போதும். அதைப் புள்ளிகளாக மாற்றுவது பிரிண்டரின் பொறுப்பு. விலையைக் குறைப்பதற்காக அந்தத் திறனை எடுத்துவிட்டால், முழுப் பக்கத்தையும் கணினியே புள்ளிகளாக்கிச் சுருக்கி, தயாரிப்பாளர் மட்டுமே அறிந்த ஒரு வடிவத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். இவற்றுக்கு 'ஹோஸ்ட் பேஸ்டு' பிரிண்டர் என்று பெயர். என் மாடல் இன்னும் ஒரு படி கீழே. தன்னை இயக்கும் உள் நிரலான ஃபர்ம்வேரைக்கூட அது தன்னிடம் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் யூஎஸ்பி கேபிள் வழியாகக் கணினி அதை ஊட்டியாக வேண்டும். டிரைவர் இல்லையென்றால் விளக்கு எரியும், தாள் நகராது.

பெரிய அடி விழுந்தது 64 பிட் விண்டோஸ் 7க்கு மாறியபோது. பழைய 32 பிட் மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் ஓடும், அவற்றுக்கென்று ஓர் இடைத்தளம் இருக்கிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அப்படி எதுவும் கிடையாது. 32 பிட் டிரைவர் அங்கே ஏறவே ஏறாது. பிரிண்டருக்குத் தாமதமாகவேனும் புதிய டிரைவர் வந்தது. என்னிடம் இருந்த ஸ்கேனருக்கு வரவேயில்லை. அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். அந்த மாடலுக்கான ஆதரவு முடிந்துவிட்டது, புதிய மாடலைப் பரிசீலியுங்கள் என்று பதில் வந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, விளக்கு மங்கவில்லை, பழைய கணினியில் மாட்டினால் பழைய நூல்களின் பக்கங்களைத் துல்லியமாகப் படமெடுத்துத் தருகிறது. அப்படிப்பட்ட கருவியைத் தூக்கிப் போடச் சொன்ன அந்தக் கடிதத்தின் மீதான கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

இதற்காக இயங்குதளம் செய்பவர்கள் மீது மொத்தப் பழியையும் போட மாட்டேன். கெர்னலில் ஓடும் டிரைவர் ஒன்று தவறினால் கணினி முழுவதும் முடங்கி நீலத்திரையில் விழும். தீய நோக்கமுள்ள டிரைவர் என்றால் எந்தப் பாதுகாப்பு மென்பொருளுக்கும் அகப்படாமல் ஒளிந்துகொள்ளும். ஆகவே 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவின் 64 பிட் பதிப்பு, தயாரித்தவர் யாரென்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பமில்லாத கெர்னல் டிரைவர்களை ஏற்க மறுத்தது சரியான முடிவு. 2021இல் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, பிரிண்டர் டிரைவரை நிறுவும் வழியையே பயன்படுத்தி அன்னியர் ஒருவர் கணினியைக் கைப்பற்றலாம் என்பது உலகுக்கே தெரிந்தது. அதன்பின் விண்டோஸில் நிர்வாகி உரிமை இல்லாமல் பிரிண்டர் டிரைவர் நிறுவ முடியாதபடி விதி இறுகியது. அதுவும் சரிதான்.

என் வழக்கு கருவியை விற்றவர்களோடு. பத்தாண்டு பழைய மாடலுக்கு டிரைவர் எழுதிக்கொண்டே இருங்கள் என்று நான் கேட்கவில்லை. நிறுத்தும் நாளில், அந்தக் கருவி எந்த மொழியில் பேசுகிறது என்ற விவரக்குறிப்பை வெளியிட்டுவிட்டு நிறுத்துங்கள். மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். தானும் எழுத மாட்டேன், பிறரையும் எழுத விட மாட்டேன் என்பது, காசு கொடுத்து வாங்கியவரின் உடைமையை அவர் கையிலிருந்து பிடுங்குவதற்குச் சமம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். என் கணினி ஏழாம் தலைமுறை. வேகத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியாத கணினி அது. ஆகவே அந்தத் தேதி நெருங்கும் முன்பே டெபியன் 12க்குப் போய்விட்டேன். முன்பு டெபியனில் வைஃபைக்கான ஃபர்ம்வேரைத் தனியே தேடி எடுத்து வர வேண்டும், அதைத் தேடுவதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த வைஃபையே வேண்டும். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி இந்த நிலையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அதிகாரபூர்வ நிறுவியிலேயே ஃபர்ம்வேர்கள் இருக்கின்றன.

கைவிடப்பட்ட ஸ்கேனரை அங்கே செருகினேன். எதையும் பதிவிறக்கவில்லை, குறுந்தகட்டைத் தேடவில்லை. நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய 'சேன்' என்ற திறந்தமூலத் திட்டத்தில் அந்த மாடலுக்கான டிரைவர் ஏற்கெனவே இருந்தது. முதல் பக்கம் அப்படியே திரையில் வந்து நின்றது. பிரிண்டருக்கும் அதே கதை. யூஎஸ்பி கேபிளில் ஓடும் பைட்டுகளைக் கவனித்து, தயாரிப்பாளர் மறைத்து வைத்த வடிவத்தைப் பிரித்தறிந்து, யாரோ சிலர் ஊதியமின்றி டிரைவர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஃபர்ம்வேரை ஊட்டும் வேலையையும் அது தானே பார்த்துக்கொள்கிறது. அவர்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது. தமிழ்99 விசைப்பலகை பற்றித்தான் மாறுவதற்கு முன் கவலைப்பட்டேன்; ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக அதுவும் முதல் நாளே அமைந்துவிட்டது.

லினக்ஸில் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். மேசைக் கணினிக்கு வாங்கிய யூஎஸ்பி வைஃபை டாங்கிள் என்னைப் படாத பாடு படுத்தியது. நன்றாக வேலை செய்வதாகப் பலர் எழுதிய மாடலைத்தான் வாங்கினேன். அட்டைப்பெட்டி அதே, மாடல் எண் அதே, உள்ளே இருந்த சிப் வேறு. பெட்டியின் மூலையில் சின்னதாக அச்சிட்ட பதிப்பு எண்தான் ஒரே அடையாளம். இணையத்தில் விற்பவர்கள் அதைக் குறிப்பிடுவதில்லை. புதிய சிப்புக்கான டிரைவர் கெர்னலில் இல்லை, மூலநிரலை வெளியிலிருந்து எடுத்து, கணினி ஓட்டும் வடிவமாகத் தொகுக்க வேண்டும்; கெர்னல் மாறும்போதெல்லாம் அதைத் தானாக மறுபடி தொகுக்கும் டிகேஎம்எஸ் முறையைப் பயன்படுத்துகிறேன். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது சில சமயம் அந்தத் தொகுப்பு தோற்கும், காலையில் கணினியைத் திறந்தால் இணையம் இருக்காது.

லினக்ஸ் கெர்னலோடு டிரைவர்கள் இணையும் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதில்லை என்பது அதை உருவாக்குபவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. கெர்னலுக்குள் சேர்க்கப்பட்ட டிரைவர்களை, இடைமுகம் மாறும்போது மாற்றுபவர்களே கூடவே திருத்திவிடுகிறார்கள். வெளியே நிற்பவைதான் உடைகின்றன. என் ஸ்கேனர் பிழைத்ததும் டாங்கிள் படுத்துவதும் இந்த வேறுபாட்டால்தான்: டிரைவரின் மூலநிரல் எல்லோரும் பராமரிக்கும் பொது இடத்தில் இருக்கிறதா, ஒருவர் தனியே வைத்திருக்கிறாரா? லினக்ஸில் கருவி வாங்குவோர், மாடல் பெயரை விட்டுவிட்டு 'எல்எஸ்யூஎஸ்பி' (lsusb) கட்டளை காட்டும், தயாரிப்பாளரையும் கருவியையும் குறிக்கும் இரட்டை அடையாள எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இப்போது பிரிண்டர் உலகம் டிரைவரே வேண்டாம் என்ற பக்கம் நகர்கிறது. 2010இல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வந்தது, பிறகு தனி டிரைவரின்றி அச்சிட ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுத் தரம் வந்தது. பிறர் எழுதும் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் படிப்படியாக விலக்கும் என்று மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் இது புதிதாக வாங்குவோருக்கான தீர்வு. பழைய பிரிண்டருக்கு நான் செய்தது இது: ராஸ்பெரி பை என்ற சிறு கணினி அட்டையில் 'கப்ஸ்' அச்சுச் சேவையை நிறுவி, பிரிண்டரை அதில் மாட்டி, வலையமைப்பில் பகிர்ந்தேன். வீட்டில் உள்ள கைபேசிகளுக்கும், மகளின் விண்டோஸ் 11 மடிக்கணினிக்கும் அது ஒரு புதிய ஐபிபி பிரிண்டராகவே தெரிகிறது. அவற்றில் எந்த டிரைவரும் நிறுவவில்லை. இங்கேயும் மூலநிரல்தான் கைகொடுத்தது. சில நிறுவனங்கள் லினக்ஸுக்கென்று தரும் டிரைவர்கள் இன்டெல் வகைச் செயலிக்கென்று முன்பே தொகுத்து, மூலநிரல் இல்லாமல் தரும் மூடிய பைனரிகள். பை அட்டையில் இருப்பது வேறு வகையான ஆர்ம் செயலி, அங்கே அவை ஓடாது. மூலநிரல் திறந்திருந்தால் ஆர்முக்கும் தொகுத்துக்கொள்ளலாம்.

குறைகள் இன்னும் உண்டு. ஸ்கேனரின் முன்பக்கப் பொத்தான்கள் லினக்ஸில் வேலை செய்வதில்லை, மென்பொருளைத் திறந்துதான் ஸ்கேன் செய்கிறேன். டோனர் அளவு திரையில் தெரிவதில்லை, எழுத்து வெளிறத் தொடங்கியதும் நிரப்பக் கொடுக்கிறேன். இருபக்க அச்சுக்காக விரைவில் வேறொரு பிரிண்டர் வாங்க வேண்டியிருக்கும். பிசிஎல் அல்லது ஐபிபி எவ்ரிவேர் இல்லாத எதையும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்கப்போவதில்லை.