பெரிய கோயில் விமானம்: அண்ணாந்து எடுப்பதா, விலகி நின்று எடுப்பதா?

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்வந்த பலருடைய செல்போனிலும் ஒரே மாதிரியான படம் ஒன்று இருக்கும். கருவறையின் மேல் எழும் விமானத்தின் அடியில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து, செல்போனையும் வானத்தைப் பார்க்கச் சாய்த்து எடுத்த படம். நேரில் நின்றபோது ஏற்பட்ட மலைப்பு, வீட்டுக்கு வந்து திறந்து பார்க்கும்போது அதில் இருப்பதில்லை. விமானம் பின்பக்கமாக மல்லாந்து விழுவதுபோலத் தெரிகிறது. சிகரமும் கலசமும் எங்கோ ஒரு நுனியாகச் சுருங்கிக் கிடக்கின்றன. நானும் பல வருடங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக நெருங்கி வரும். எந்தக் கட்டடத்துக்கும் இது நேரும். பெரிய கோயிலில் பாதிப்பு இரட்டிப்பாகிறது. காரணம், 1010இல் இராஜராஜன் கட்டி முடித்த அந்த விமானமே 13 நிலைகளாக மேலே செல்லச் செல்லக் குறுகும் வடிவம். சிற்பிகள் அளந்து குறுக்கியதைச் சாய்ந்த கேமரா மேலும் குறுக்குகிறது. கீழே நேராக எழும் இரண்டடுக்குச் சுவர் படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ள, மேல்நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்துகொள்கின்றன. 216 அடி என்று நாம் பெருமையோடு சொல்லும் உயரம் படத்தில் பாதிகூட உணரப்படுவதில்லை.

அதற்காக அண்ணாந்த கோணமே கூடாது என்று சொல்லமாட்டேன். அது வெல்லும் இடம் இதே கோயிலில் இருக்கிறது: உள்கோபுரமான இராஜராஜன் திருவாயிலின் துவாரபாலகர்கள், அதாவது வாயிற்காவலர் சிலைகள். காவலனின் கதாயுதத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் பாம்பைப் பாருங்கள். அது ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பாம்பின் வாயில் அடங்கும் யானை. காவலனின் கதாயுதத்தில் அடங்கும் பாம்பு. அப்படியென்றால் காவலன் எத்தனை பெரியவன், அவன் காக்கும் இறைவன் எத்தனை பெரியவன் என்று கீழே நிற்பவனை எண்ணவைக்கத்தான் சிற்பி அந்த யானையை அவ்வளவு சிறிதாகச் செதுக்கியிருக்கிறான். இங்கே முழங்காலிட்டு, யானையைப் படச்சட்டத்தின் கீழ்ப்பகுதியில் வைத்து மேல்நோக்கி எடுத்தால் சிற்பி நினைத்தது அப்படியே படத்தில் வரும். நேராக நின்று, தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸால் காவலனின் முகத்தை மட்டும் எடுப்பவர்கள் அந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

விமானத்துக்கு வருவோம். செல்போனின் சாதாரண லென்ஸை, அதாவது 1 எக்ஸ் லென்ஸை, சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்தால் கண்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 35 பாகை வரை படத்தில் அடங்கும். விமானத்தின் உயரத்தை (216 அடி என்று சொன்னாலும் அளவுகள் சற்று மாறுபடுகின்றன) சுமார் 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உச்சி முழுவதும் அடங்க 85 மீட்டராவது விலக வேண்டும். அவ்வளவு இடம் கோயிலுக்குள் எங்கே? சுற்றுவெளி சுமார் 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் கொண்டது. இரண்டு சதுரங்களை அடுத்தடுத்து வைத்ததுபோன்ற அமைப்பு. மேற்குச் சதுரத்தின் நடுவில் விமானம் நிற்கிறது. வடக்கிலோ தெற்கிலோ மதிலோரமாக நின்றால் 60 மீட்டர்கூடத் தேறாது. மூலைக்குப் போனால் மூலைவிட்டம் கைகொடுக்கிறது: ஏறக்குறைய 80 மீட்டர். செல்போனைச் சற்றே சாய்த்தால் போதும், கோடுகள் கெடுவதில்லை. இரண்டு முகங்கள் ஒன்றாகத் தெரிவதால் விமானத்தின் கனமும் படத்தில் வருகிறது. முன்பக்கத்திலிருந்து எடுத்தால் மண்டபங்கள் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். ஒரே முகம் தெரிவதால் படம் தட்டையாகவும் இருக்கும்.

எந்த மூலை? கோயில் கிழக்கு நோக்கியது. மாலை வெயில் மேற்கு முகத்தில் விழும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து மறைவதால் தென்முகமும் சேர்ந்து பொன்னிறமாகும். அந்த மாதங்களில் தென்மேற்கு மூலைக்கு இணையே இல்லை. ஆனி, ஆடியில் சூரியன் வடமேற்கே மறைகிறது. தென்முகம் நிழலில் கறுத்துவிடும். வடமேற்கு மூலைக்கு மாறலாம் என்றால் அங்கே முருகன் சந்நிதி விமானத்தின் அடியை மறைக்கும். அந்தச் சந்நிதியையே படத்தின் முன்புறமாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அகலமாகக் காட்டும் 0.5 எக்ஸ் லென்ஸைப் போட்டுவிட்டால் அருகிலிருந்தே முழு விமானமும் வந்துவிடுமே என்பார்கள். வரும். அருகில் நிற்கும்வரை சாய்வும் கூடவே வரும். ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் இழுபட்டுப்போகும். கோடுகளைப் பிறகு செயலியில் நிமிர்த்தலாம் என்றால், நிமிர்த்தும்போது மேற்பகுதியை இழுத்து விரிக்கிறோம். சிகரத்தின் நுணுக்கம் குழைந்துபோகிறது, பக்கங்களும் வெட்டுப்படுகின்றன. மூலைவரை பின்னால் நடப்பது இதைவிட எளிது. பகலில் கல்தரை சுடும் என்பது மட்டும்தான் சிரமம்.

டெலி லென்ஸ் கையில் இருந்தால் கோயிலுக்கு வெளியே கிழக்கில் நன்றாக விலகி நில்லுங்கள். முன்கோபுரமான கேரளாந்தகன் வாயில், இராஜராஜன் வாயில், விமானம் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அடுக்கி நிற்கும். வாயிலை நெருங்க நெருங்கக் கோபுரம் விமானத்தை விழுங்கிவிடும். விலக விலக விமானம் அதன் தலைக்கு மேல் எழும். கோபுரத்தைவிட விமானம் உயர்ந்தது என்பதுதானே இந்தக் கோயிலின் சிறப்பு. அதைச் சொல்லும் படம் இது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

மேலிருந்து எடுக்கும் கோணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். விமானப்படைத் தளமும் தஞ்சையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் ட்ரோனை எடுத்துப் போகாதீர்கள்.

குடும்பப் படத்துக்கு வேறு கணக்கு. பாட்டியை விமானத்தின் அடியில் நிற்கவைத்தால் எறும்பாகிவிடுவார். கீழே உட்கார்ந்து அண்ணாந்து எடுத்தால் அவருடைய முகவாயும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். மூலையிலேயே நின்றுகொண்டு, பாட்டியை உங்களுக்கு மூன்று மீட்டர் முன்னால் நிற்கச் சொல்லுங்கள். செல்போனை மார்பளவில் ஏறக்குறைய நிமிர்த்திப் பிடியுங்கள். நிமிர்த்திப் பிடித்து எடுக்கும் படத்தில் கீழ்ப்பாதி வெறும் தரையாகப் போகும் என்ற ஒரு குறை உண்டு. அந்த இடத்தில் இப்போது பாட்டி, புடவைக் கொசுவம் முதல் தலைப்பூ வரை முழுதாக நிற்பார். அவரைச் சற்றே ஒருபக்கமாக நகர்த்தினால் மறுபக்கத்தில் விமானம், அடி முதல் கலசம் வரை.