சிசேரியனுக்கு அப்புறம் நடையா, எடையா, ஓட்டமா?

என் இரண்டு பிரசவமும் சிசேரியன்தான். முதல் முறை, ஆறாவது வாரப் பரிசோதனையில் தையலைப் பார்த்த டாக்டர், "நல்லா ஆறிடுச்சு, இனிமே எக்சர்சைஸ் பண்ணலாம்" என்றார். என்ன எக்சர்சைஸ் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மறுநாளே போனில் ஒரு வீடியோவைப் போட்டு, தரையில் படுத்து சிட்-அப் எடுக்க ஆரம்பித்தேன். தலையைத் தூக்கி எழும் ஒவ்வொரு முறையும் தொப்புளுக்கு மேலே, வயிற்றின் நடுவில், நீளமாக ஒரு மேடு புடைத்து நின்றது. துணிக்கடியில் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி வைத்த மாதிரி. தசை ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டேன்! மூன்று வாரம் விடாமல் செய்தேன். வயிறு உள்ளே போகவில்லை. தும்மினால் உள்ளாடை நனையும் பிரச்சினைதான் புதிதாக வந்து சேர்ந்தது.

இரண்டாவது முறை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அதே உடம்பு, அதே அறுவை சிகிச்சை, வேறு வழி. அதனால் எது எதைவிடத் தேவலை என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன்.

முதலில், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். வயிற்றுத் தசையையே குறுக்கே வெட்டிவிடுகிறார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. வெட்டுப்படுவது தோல், கொழுப்பு, தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான உறை, அதற்குள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை. நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகளை இரு பக்கமும் விலக்கித்தான் வழி செய்கிறார்கள். தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்க்க எல்லாம் முடிந்துபோன மாதிரி இருக்கும். அந்தக் கெட்டியான உறைக்குத்தான் அவசரமே கிடையாது. ஆறு வாரத்தில் பழைய வலுவில் ஏறக்குறைய பாதிதான் அதற்குத் திரும்பியிருக்கும். ஆறேழு மாதம் ஆனாலும் முழுசாக வந்திருக்காது. டாக்டர் சொன்ன ஆறு வாரக் கணக்கு பொய்யில்லை, ஆனால் பயிற்சிக்கு அதுதான் முதல் படி.

ஆகவே எந்தப் பயிற்சியை எடுத்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: தையல் போட்ட இடத்தையும், சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் அடியிலிருந்து தாங்கும் தசைகளான இடுப்பின் அடித்தளத்தையும் இது எவ்வளவு அழுத்துகிறது?

முதல் ஆறு வாரம்: நடப்பதா, படுத்துச் செய்வதா

அறுவை முடிந்து ஒரு நாளுக்குள்ளேயே எழுந்து நடக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அது கொடுமையாகத்தான் தோன்றும். பிரசவத்துக்குப் பிறகான முதல் ஆறு வாரங்களில் காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் ஆபத்து வழக்கத்தைவிட அதிகம், சிசேரியன் என்றால் இன்னும் அதிகம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. அதற்காகத்தான் அந்த வற்புறுத்தல். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நடந்ததால் வந்த வலி என்று தள்ளிவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நடையில் ஒரே தொல்லை, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போவது. ஐந்து நிமிடம் நடந்து நன்றாக இருந்தால் மறுநாள் நாற்பது நிமிடம் போகத் தோன்றும். இதற்கு உடம்பிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. வெளுத்துக்கொண்டு வந்த உதிரப்போக்கு மறுபடி சிவந்தாலோ, அளவு கூடினாலோ, நேற்று நடந்தது அதிகம் என்று அர்த்தம். இரண்டு நாள் குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். குறையாவிட்டால், அல்லது பேட் ஒரு மணி நேரத்தில் முழுசாக நனைந்தால், டாக்டரைப் பார்க்க வேண்டும். தையல் சிவந்து சூடாக இருந்தாலும், நீர் வடிந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் அப்படித்தான்.

இன்னொரு பக்கம், படுத்தபடியே செய்யும் இடுப்புத் தளப் பயிற்சி. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளுக்கு இழுத்துப் பிடித்து, மெதுவாக விடுவது. "எனக்கு சிசேரியன்தானே, கீழே ஒன்றும் ஆகவில்லையே, இது எதற்கு" என்று முதல் முறை நான் இதைத் தொடவே இல்லை. குழந்தை எந்த வழியாக வந்தால் என்ன, ஒன்பது மாதம் அந்தப் பாரத்தைத் தாங்கியது அந்தத் தசைகள்தானே! சிறுநீர்க் குழாயை எடுத்ததிலிருந்தே இதைத் தொடங்கலாம். முதலில் மூன்று எண்ணும்வரை பிடிப்பதே பெரிய காரியம். போகப் போக பத்து எண்ணும்வரை, பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. கூடவே, டக் டக்கென்று இழுத்து விடுவது ஒரு பத்து. பிடித்திருக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, பிட்டத்தை இறுக்கக் கூடாது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இரண்டாவதையே சொல்வேன். நடை எப்படியாவது நடந்துவிடும்; குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் சுற்றுவது என்ன, நடை இல்லையா? படுத்துச் செய்வதுதான் விட்டுப்போகும். பால் கொடுக்க உட்காரும் நேரத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால் மறக்காது.

வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் சில நாள் எழுந்து நடக்க, இரும, சிரிக்க அது நிஜமாகவே உதவுகிறது, வலி குறைகிறது. விலகிய தசையை அது ஒட்டவைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் முழுதும் கீழே இறங்கி, எந்தத் தளத்தைத் தேற்றப் பார்க்கிறோமோ அதன் மேலேயே விழும். பெல்ட்டைவிட எனக்குப் பலன் தந்தது படுக்கையிலிருந்து எழும் விதம்: இரண்டு முழங்காலையும் மடக்கி, உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் புரட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே எழுவது. நேராக எழுந்தால் அதுவும் ஒரு சிட்-அப்தான், கணக்கில் வராத சிட்-அப்.

வயிற்றுக்கு: சிட்-அப்பா, குதிகால் சறுக்கலா

நான் பார்த்த அந்த மேடு, இரண்டு தசைப் பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இணைப்புத் திசு தளர்ந்து, உள்ளிருக்கும் அழுத்தம் அதை வெளியே பிதுக்கியதன் அடையாளம். பட்டைகள் விலகுவது நோய் இல்லை, கர்ப்பத்தில் பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். நார்வேயில் முதல் பிரசவம் கண்ட 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளிவந்த ஆய்வில், ஆறாவது வாரத்தில் 60 சதவீதம் பேருக்கும், ஒரு வருடம் கழித்து மூன்றில் ஒருவருக்கும் இந்த விலகல் இருந்தது.

நாமே பார்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களைக் குறுக்கே வைத்து அழுத்த வேண்டும். முதன்முதலில் இப்படிப் பார்த்தபோது எனக்கு மூன்று விரல் சிரமமில்லாமல் இறங்கியது. அடியில் மிருதுவாக, பிசைந்த மாவைத் தொட்ட மாதிரி. எட்டு வாரத்துக்கு அப்புறமும் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுவது நல்லது. இடைவெளியின் அகலத்தைவிட அடியில் எவ்வளவு இறுக்கம் இருக்கிறது என்பதைத்தான் என் பிசியோ அதிகம் பார்த்தார்.

சிட்-அப்பும், முன்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க்கும் வயிற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றுபவை. தாங்கும் வயிற்றுக்கு அது பயிற்சி, தாங்காத வயிற்றுக்கு அது பிதுக்கம். குதிகால் சறுக்கல் பார்க்க ஒன்றுமே இல்லை. மல்லாந்து படுத்து, மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு குதிகாலைத் தரையிலேயே சறுக்கி நீட்டி, திரும்பக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும்; இடுப்பு ஆடாமல் எட்டுத் தடவை செய்துவிட்டு அப்புறம் பேசலாம். அது பழகினால் காலைத் தரையிலிருந்து தூக்குவது, பின்பு எதிரெதிர் கையும் காலும், அடுத்து சுவரில் சாய்ந்து பிளாங்க், கடைசியாகத் தரையில்.

சிட்-அப் ஜென்மத்துக்கும் ஆகாது என்று சொல்லமாட்டேன். மேடு எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் அந்தப் பயிற்சிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு சின்ன ஏமாற்றமும் உண்டு: இவற்றில் எதுவும் தொப்பைக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்காது.

ஆறு வாரத்துக்கு அப்புறம்: நீச்சல், சைக்கிள், யோகா, எடை

நீச்சல் மூட்டுக்கும் தையலுக்கும் இதமானது. தையல் முழுசாக ஆறி, உதிரப்போக்கு நின்று ஏழு நாளாவது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நிலையாக நிற்கும் சைக்கிளும் தேவலை. சீட்டில் உட்காரக் கூசாமல் இருந்தால் சரி, முன்னால் ரொம்பக் குனிந்து மிதிப்பது மட்டும் வேண்டாம்.

போட்டி யோகாவுக்கும் எடைக்கும் நடுவில்தான். யோகா மென்மை, எடை முரட்டுத்தனம் என்று ஒரு நினைப்பு நமக்கு. மூச்சுப் பயிற்சிக்கும் முதுகு இறுக்கத்துக்கும் யோகா அருமைதான். ஆனால் புஜங்காசனம், சக்கராசனம் போன்று பின்னால் வளைபவை தையல் போட்ட இடத்தையும் தளர்ந்த நடுத் திசுவையும் நேராக இழுக்கின்றன. நௌகாசனம் என்பது வேறு பெயரில் வந்த சிட்-அப். கர்ப்பத்தில் இளகிய மூட்டுகள் இறுக மாதக்கணக்கில் ஆகும் என்பதால், "இன்னும் கொஞ்சம் வளையுங்க" என்று ஊக்கப்படுத்தும் வகுப்பு இந்தச் சமயத்துக்குச் சரிப்படாது.

எடையில் ஒரு வசதி, அளந்து ஏற்றலாம். இரண்டு கிலோ என்றால் இரண்டு கிலோதான். முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதே என்கிறார்கள். சரி, அந்தக் குழந்தை மாதா மாதம் கனக்கிறதே! தொட்டிலுக்குள் குனிந்து, கையை நீட்டி, தூங்கும் பிள்ளையை விழிக்காமல் தூக்குவதைவிடக் கஷ்டமான டெட்லிஃப்ட் எந்த ஜிம்மிலும் இல்லை. எப்படியும் தூக்கத்தான் போகிறோம், முறையாகத் தூக்கப் பழகுவோமே. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, அப்புறம் கையில் டம்பெல்லோடு. தூக்கும் நொடியில் மூச்சை விட வேண்டும், இடுப்புத் தளத்தை உள்ளிழுக்க வேண்டும். மூச்சை அடக்கி முக்கித் தூக்கினால் அத்தனை அழுத்தமும் கீழே போகிறது. அடியில் ஏதோ கனமாக இறங்குவது போல உணர்வு வந்தால் அந்த எடை அன்றைக்கு வேண்டாம்.

என் ஓட்டு எடைக்கு. நல்ல ஆசிரியர் கிடைத்தால் யோகாவும் கூடவே இருக்கட்டும்.

பால் குறைந்துவிடுமோ என்ற பயம் இந்த நான்கில் எதற்கும் தேவையில்லை. மிதமான பயிற்சி பாலைக் குறைப்பதில்லை. கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது, குழந்தையும் கொஞ்ச நேரம் தேடாது. பிரசவமான பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன இலக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கிய வாரங்களில் நான் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஓட்டம்

நடக்க முடிகிறவருக்கு ஓட முடியாதா என்றால், முடியாது. நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு காற்றில் எழும்பி ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது, உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விசையோடு. அதை வாங்கிக்கொள்ள இடுப்புத் தளம் தயாராக வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த மூன்று பிசியோதெரபிஸ்டுகள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, ஓட்டத்தை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் யோசிக்கலாம், அதுவும் சீக்கிரமாகப் பார்த்தால்தான் என்கிறது.

அதில் எனக்குப் பிடித்தது, தேதியோடு நிறுத்தாமல் சோதனைகளையும் கொடுத்திருப்பது. அரை மணி நடை. ஒற்றைக் காலில் பத்து வினாடி நிற்பது. ஒற்றைக் காலில் பத்து முறை உட்கார்வது போல இறங்கி எழுவது. நின்ற இடத்தில் ஒரு நிமிட ஓட்டம். ஒவ்வொரு காலிலும் பத்து முறை நொண்டிக் குதிப்பது. வலி, கனம், கசிவு எதுவும் இல்லாமல் இவை முடிய வேண்டும். விறுவிறு நடையும் மேடு ஏறுவதும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை கொடுக்கும் என்பதால், ஓட்டத்தைத் தள்ளிப்போடுவதால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. ஓடியே பழகியவர்களுக்கு மட்டும் மனசு கேட்காது, அது எனக்கும் தெரியும்.

யாரிடம் கற்பது என்பதற்கு நீட்டி முழக்க ஒன்றுமில்லை. வீடியோ எளிது, ஆனால் அது என் வயிற்றின் மேட்டைப் பார்க்கவில்லை. இருபது பேர் வகுப்பில் ஆசிரியரும் பார்க்கமாட்டார். இடுப்புத் தளம் தெரிந்த பிசியோவிடம் இரண்டே இரண்டு தடவை போய்விட்டு, மிச்சத்தை வீட்டில் வீடியோவோடு செய்தாலும் போதும்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஐந்தாம் மாதம் அந்தச் சோதனைகளைச் செய்து பார்த்தேன். வலது காலில் பத்துக் குதியும் வந்தது. இடது காலில் ஏழாவது குதியில் லேசாக நனைந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டேன். அடுத்த ஒன்றரை மாதம் படிக்கட்டின் ஓரத்தில் நின்று ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவதும், டம்பெல்லோடு உட்கார்ந்து எழுவதுமாகப் போனது. ஏழாம் மாதம் மறுபடி குதித்தேன், பத்தும் வந்தது. அன்று ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அப்படி ஆறு சுற்று. வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் குளியலறைக்குள் போய்ப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.