பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூல்: ஓராண்டுக்கு எப்படிப் பயன்படுகிறது?

தமிழ்நாட்டில் 2019-20 கல்வியாண்டில் அறிமுகமான இந்த நூலில் 23 அலகுகள். இயற்பியலுக்கு 6, வேதியியலுக்கு 5, உயிரியலுக்கு 11, கடைசியில் கணினிக்கு ஒன்று. ஜூனில் தொடங்கி அரையாண்டுத் தேர்வுக்குள் முடிக்க மாதத்துக்கு நான்கு அலகுகள் ஓட வேண்டும். கனமான நூல்தான். ஆனால் பாடம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, படங்களும் கணக்குகளும் தாராளம். வழிகாட்டி நூல் இல்லாமலேயே இதை வைத்துப் படிக்கலாம் என்று உறுதியாகச் சொல்வோம்.

பெரிய குறை, செய்முறைகளைக் கடைசியில் ஒதுக்கிவைத்தது. அங்கே இருப்பதாலேயே பல பள்ளிகளில் அந்தப் பக்கங்களை ஜனவரிக்குப் பிறகுதான் திறக்கிறார்கள். செய்முறைக்கு 25 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 75. ஆனால் மதிப்பெண்ணைவிட முக்கியம், சோதனையைச் செய்தபின் பாடம் பாதி நேரத்தில் புரிந்துவிடும் என்பது. முதல் அலகு நடக்கும்போதே திருப்புத்திறன் (விசையின் சுழற்றும் விளைவு) சோதனை, ஒளியியலோடு குவிலென்ஸ், மின்னோட்டவியலோடு கம்பிப் பொருளின் மின்தடை எண் என்று சேர்த்தே செய்யுங்கள்.

மூன்றிலும் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் உண்டு. திருப்புத்திறன் சோதனையில், மீட்டர் அளவுகோலை 50 செ.மீ. குறியில் கட்டிவிட்டுச் சமநிலை வந்ததாக நினைத்துக்கொள்வார்கள். அளவுகோலின் ஈர்ப்பு மையம் சற்றுத் தள்ளி இருக்கலாம். எடை ஏற்றும் முன் வெறும் கோல் கிடைமட்டமாக நிற்கும் இடத்தைக் கண்டு, தொலைவுகளை அங்கிருந்து அளக்க வேண்டும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

லென்ஸில், மெழுகுவர்த்தியைக் குவியத் தொலைவுக்குள் வைத்துவிட்டுத் திரையில் பிம்பத்தைத் தேடுவது வழக்கம். அங்கே கிடைப்பது மாயபிம்பம், திரையில் விழாது. முதலில் தொலைவில் உள்ள மரத்தின் பிம்பத்தைத் திரையில் பிடித்துத் தோராயக் குவியத் தொலைவை அறிந்துகொண்டால் இந்தத் தடுமாற்றம் இராது. குவியத் தொலைவுக்கான uv/(u+v) வாய்பாட்டில் (லென்ஸிலிருந்து பொருளின் தொலைவு u, பிம்பத்தின் தொலைவு v) தொலைவுகளின் எண்மதிப்பு மட்டுமே வரும். குறியீட்டு மரபின்படி u-க்குக் குறைக்குறி போட்டால் விடை தவறிவிடும்.

மின்தடை எண் சோதனையில்தான் அதிகப் பிழை. திருகு அளவியின் மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ.; கருவி சுழியில் நிற்காதபோது செய்யும் சுழித் திருத்தத்தை மறந்தால் கம்பியின் விட்டமே தவறு. அந்தப் பிழை ஆரத்தின் வர்க்கத்தில் பெருகும். ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டால் விடை நான்கு மடங்காகும். அளவு எடுத்ததும் சாவியைத் திறந்துவிட வேண்டும். மின்னோட்டம் நீடித்தால் கம்பி சூடேறி மின்தடை கூடும்.

வேதியியலில் மயில்துத்தத்தைச் சூடாக்கி நீல நிறம் வெளுப்பதைப் பார்க்கும் சோதனை அழகானது. சோதனைக் குழாயின் வாயைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயருகே திரளும் நீர் சூடான அடிப்பகுதிக்கு ஓடிக் குழாய் விரிசல் விடும்.

வேதியியல் பாடங்களில் 7-ஆம் அலகான அணுக்களும் மூலக்கூறுகளும்தான் அச்சாணி. 32 கிராம் ஆக்சிஜன் வாயு ஒரு மோல் (துகள்களை எண்ணும் அலகு) மூலக்கூறுகள், ஆனால் இரண்டு மோல் அணுக்கள். இது பிடிபடாமல் அடுத்த கணக்குக்குப் போவதில் பயனில்லை. கூடுதலாக ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

உயிரியல் பகுதி நீளம். பெயர்கள் குவிந்துகிடப்பதால் படித்து மறக்கிறார்கள். இருவிதையிலைத் தண்டு, வேர் ஆகியவற்றின் குறுக்குவெட்டுப் படங்களைப் பார்க்காமல் வரைந்து பாகம் குறித்துப் பழகுவதே சிறந்த வழி. இங்கே நூலின் படங்கள் நன்றாக உதவுகின்றன.

அலகு இறுதி வினாக்களில் கோடிட்ட இடம், பொருத்துக, கூற்று-காரணம் எல்லாம் உண்டு. பொதுத்தேர்வில் ஒரு மதிப்பெண் பகுதி 12 பலவுள் தெரிவு வினாக்கள். அதற்காக மற்றவற்றைத் தள்ளிவிடாதீர்கள். கூற்று-காரணம் பயிற்சி செய்தவர்களுக்கு நான்கு, ஏழு மதிப்பெண் விடைகளில் காரணம் எழுதக் கை வருகிறது.

கடைசி அலகு, கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மென்பொருளைப் பற்றியது. கணினி முன் உட்காராமல் இதை மனப்பாடம் செய்வது வீண். கணினி அறையில் இரண்டு பாடவேளை கொடுத்தால், மாணவர்களே ஓர் உருவத்தை மேடையில் நகரவைத்துவிடுவார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நூல் விலையில்லாமல் கிடைக்கிறது. மற்றவர்கள் பாடநூல் கழகத்தின் விற்பனை வழியாக வாங்கலாம். பிடிஎஃப் கோப்பும் இலவசம். ஆனால் படம் வரைந்து பழகவும் ஓரத்தில் குறிப்பு எழுதவும் அச்சு நூலையே வாங்கிக்கொள்ளுங்கள்.