தெப்பக்குளமா, தெருமுனைப் பூங்காவா?

மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு பெண் தனியாக நடக்க மதுரையில் எந்த இடம் தோது? வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா என்றுதான் எவரும் நினைப்பார்கள். எங்கள் காலனிப் பெண்களோ பஸ் ஏறியாவது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போகிறார்கள்.

1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தைச் சுற்றி நடக்க டிக்கெட் கிடையாது, வாசலில் காவலாளி கிடையாது. ஆனால் நான்கு பக்கமும் சாலை; நடப்பவரை மறைக்க எதுவும் இல்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் குடும்பங்கள், சுண்டல் விற்பவர்கள், படிப்பு முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாத மாணவர்கள். எவனாவது வாலாட்டினால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே பயமெல்லாம் வண்டிகளைப் பற்றித்தான். குழந்தையின் கையை விடவே முடியாது. தைமாதத் தெப்பத் திருவிழா நெரிசலுக்கு நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

குழந்தைகளுக்கென்றால் காந்தி அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் உள்ள ராஜாஜி சிறுவர் பூங்காதான் என் தேர்வு. டிக்கெட் வாங்கி உள்ளே விடுவதால் வெட்டியாகச் சுற்றுபவர்கள் குறைவு. தினசரி நடைப்பயிற்சிக்கு அது சரிவராது.

எங்கள் தெருமுனைப் பூங்காவில் எல்லாம் இருக்கிறது: ஆளுயரச் சுவர், ஒற்றை கேட், உடற்பயிற்சிக் கருவிகள். விளக்கும் எரிகிறது. ஆனால் புங்கமரக் கிளைகள் கம்பத்தைச் சூழ்ந்துவிட்டதால் வெளிச்சம் முழுவதும் இலைகளுக்கே. கீழே பெஞ்சில் இருட்டு. பெண்கள் கேட்டை ஒட்டிய பெஞ்சில் மட்டும் உட்காருகிறார்கள். அதில் இடமில்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். உட்புற பெஞ்சுகளில் இரவில் யார் இருந்தார்கள் என்பதைக் காலையில் பெருக்க வரும் அம்மா அள்ளும் பாட்டில்கள் சொல்லும். விடியற்காலையில் இதே இடத்தில் ஓய்வுபெற்றவர்கள் கூட்டமாக நடக்கும்போது எந்தப் பெண்ணும் தயங்குவதில்லை.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேமரா வேண்டும் என்ற பேச்சுதான் அடிக்கடி எழுகிறது. கேமரா நடந்ததைக் காட்டும், நடக்கும்போது 'யாரது?' என்று குரல் கொடுக்காது. முதலில் கிளைகளை வெட்டட்டும். அடுத்து சுவரை இடுப்பளவுக்கு இறக்கி, மேலே கம்பி வேலி போடட்டும்; பின்பக்கம் இன்னொரு கேட்டும் வேண்டும். வாசலோரம் ஓர் இட்லிக் கடைக்கு இடம் கொடுத்தாலும் நல்லது. குப்பை சேரும் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சேரட்டும், பெருக்கிக்கொள்ளலாம், இரவு பத்து மணிவரை வாசலில் விளக்கும் ஆளும் இருக்குமே.