கயிறு கட்டியது போல இருக்கிறதா: எம்.எஸ். புறநோயாளிப் பிரிவு ஒன்றைப் பற்றி

சென்னையில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.; மூளை, தண்டுவட நரம்புகளைச் சுற்றியுள்ள மையலின் என்ற காப்பு உறை சிதையும் நோய்) நோயாளிகளுக்கென்று வாரம் ஒரு நாள் தனியாகப் புறநோயாளிப் பிரிவு நடத்தும் ஒரு நரம்பியல் மருத்துவமனைக்கு, என் தங்கையை அழைத்துக்கொண்டு இதுவரை நான்கு முறை சென்று வந்திருக்கிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அங்கே போய்ச் சேர எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. தலை துவட்டக் குனிந்தால் பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இடுப்பு வரை மின்சாரம் பாய்ந்தது போல் சுளீரென்கிறது என்று அவள் சொன்னபோது, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டு அனுப்பினார்கள். விலாவைச் சுற்றி இறுக்குகிறது என்று போனபோது, இ.சி.ஜி. சரியாக இருந்ததால் வாயுத் தொல்லை என்றார்கள். சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தால் வலக்கண் புகைமூட்டமாகிவிடும், மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெளிந்துவிடும் என்பதை அவள் எந்த மருத்துவரிடமும் சொல்லவே இல்லை. வெயிலில் கண் இருட்டத்தானே செய்யும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

இந்தப் பிரிவின் சிறப்பு, மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே தரப்படும் ஒரு கேள்விப் படிவம். வெந்நீரில் குளித்ததும் பார்வை மங்குகிறதா, பல் துலக்கும்போது ஒரு பக்கக் கன்னத்தில் மின்னல் போல் வலிக்கிறதா, சில நொடிகள் மட்டும் பேச்சு குழறித் தானே சரியாகிறதா என்று, நாம் நோயென்றே நினைக்காதவற்றைத்தான் அது கேட்கிறது. படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பது பெருங்குறை. அங்கிருந்த மூத்த செவிலியர் ஒருவர் அதைத் தமிழில் வாசித்துக் காட்டி, "கயிறு கட்டி இறுக்கின மாதிரி இருக்குதாம்மா?" என்று கேட்ட பிறகுதான் தங்கை நிமிர்ந்து பார்த்து, வெயில் சமாச்சாரம் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள்.

மருத்துவர் தாடையை நெஞ்சில் படும்படி குனியச் சொன்னார். பிறகு கண் மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்க்கச் செய்தார். இடக்கண்ணுக்குக் குங்குமமாகத் தெரிந்த மூடி வலக்கண்ணுக்கு வெளுத்த செங்கல்லாகத் தெரிந்தது. எழுத்துப் பலகையின் கடைசி வரியை இரு கண்களாலும் படித்தவள் அவள் என்பதால் நான் திகைத்துப்போனேன். மையலின் உறை சிதைந்த நரம்பில் உடற்சூடு அரை டிகிரி கூடினாலே செய்தி தடைபடக்கூடும் என்றும், உடலை வருத்திய பின் இப்படிப் பார்வை மங்குவதை வில்ஹெல்ம் ஊத்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-லேயே பதிவு செய்திருக்கிறார் என்றும் விளக்கினார். கழுத்து மின்னலைக் கண்டதும் எம்.எஸ். என்று முடிவு கட்டிவிடாமல், பி12 குறைபாட்டிலும் அது வரும் என்று இரத்தப் பரிசோதனை எழுதினார். அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் பரிசோதனையும் சேர்ந்தது. அது இருந்தால் நோய் வேறு, எம்.எஸ்.ஸுக்குத் தரும் சில மருந்துகள் அந்த நோயைக் கிளறிவிடும் என்பது காரணம்.

பார்வை நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையில், பின்மண்டையில் பசையிட்டுக் கம்பிகளை ஒட்டி, திரையில் இடம் மாறும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். எண்ணெய் வைக்காமல் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்க அவர்கள் அனுப்பிய ஸ்கேன் மையம், சீட்டில் கழுத்துத் தண்டுவடமும் எழுதியிருந்தும் மூளையை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டது. மறுபடியும் மெட்டியையும் தாலிக்கொடியையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். அந்த மின்னலுக்குக் காரணமான தழும்பு கழுத்தில்தான் இருந்தது. தண்டுவட நீரில் ஒலிகோகுளோனல் பட்டைகளும் (பரிசோதனையில் கோடுகளாகத் தெரியும் எதிர்ப்புப் புரதங்கள்) தெரிந்ததால், எம்.எஸ்.ஸைக் கண்டறியப் பயன்படும், 2017-இல் திருத்தப்பட்ட மெக்டொனால்ட் அளவுகோலின்படி எம்.எஸ். என்று உறுதி செய்தார்கள். முடிவைச் சொல்ல மருத்துவர் முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். அந்தப் பொறுமைக்கு முழு மதிப்பெண் தருவேன்.

ஆனால் காத்திருப்புக் கூடத்தை எப்படி மன்னிப்பது? வெப்பம் ஆகாத நோயாளிகளை, குளிர்சாதனம் இல்லாத கூடத்தில், ஒரே மின்விசிறியின் கீழ் இரண்டரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். உள்ளே நுழையும்போது தெளிவாக இருந்த தங்கையின் வலக்கண், அழைப்பு வருவதற்குள் மங்கிவிடுகிறது. ஈரத்துண்டும் குளிர்ந்த நீரும் கையோடு கொண்டு போவது நல்லது. காலை எட்டு மணிக்குள் பெயர் பதிந்தால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

நான்காம் முறை போனபோது அந்தச் செவிலியர் விடுப்பில் இருந்தார். ஆங்கிலப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வெறுமனே உட்கார்ந்திருந்தார். வாசித்துச் சொல்ல வேறு ஊழியர் யாரும் வரவில்லை. தங்கைதான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டுக் குறித்துக் கொடுத்தாள்.