வேலுக்கு கிளிட்டர், பெயருக்கு ஃபாயில்? டி-சட்டையில் மினுமினுப்பு வைக்க எது சரி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தைப்பூசம் நெருங்கினாலே காவடிக் குழு சட்டைக்கு ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். முன்பணம் கொடுக்கும்போதே, "அண்ணே, கொஞ்சம் மின்னுற மாதிரி போட்டுக் கொடுங்க" என்பார்கள். வினைல் என்பது மெஷினில் வடிவம் வெட்டி, சூட்டில் அழுத்தித் துணியில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள். மினுக்குத் துகள் கலந்த கிளிட்டர் வினைல், உலோகம் மாதிரி பளபளக்கும் ஃபாயில் வினைல், சூட்டில் ஒட்டும் ஹாட்ஃபிக்ஸ் கல் மூன்றுமே மின்னும், ஆனால் உழைப்பதில் மூன்றும் ஒன்றல்ல.

என் ஓட்டு கிளிட்டர் வினைலுக்குத்தான். துகள் வினைலோடு சேர்ந்தே இருப்பதால், பசை தடவித் தூவின மினுக்குப் பொடி மாதிரி உதிராது. காட்டன் சட்டையில் பொதுவாக 160 டிகிரி செல்சியஸ், 15 முதல் 20 வினாடி, நடுத்தர அழுத்தம் போதும், ஆனாலும் ரோலோடு வரும் குறிப்பைப் பார்த்துவிட்டே அழுத்துங்கள். சிக்கல் அதன் கனத்தில்தான். கத்தியைக் கொஞ்சம் ஆழமாக வைக்காவிட்டால் அறுபடாது, அறுபட்ட கோடும் அந்த மினுமினுப்பில் சட்டெனக் கண்ணுக்குத் தெரியாது. தங்க நிறத்தில் ஒரு வேல் என்றால் தேவையில்லாத பகுதி ஒரே இழுப்பில் உரிந்து வந்துவிடும், அதுவே சின்ன எழுத்தில் 'முருகன் துணை' என்று வெட்டினால் ன் மேலே இருக்கும் புள்ளி கழிவோடு சேர்ந்து போய்விடும், ணையின் சுழிக்குள் இருக்கும் துணுக்கை ஊசியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். அதனால் தமிழ் எழுத்தைப் பெரிதாக, தடித்த எழுத்துருவில் வையுங்கள். இன்னொன்று, கிளிட்டர் மேல் வேறு வினைல் சரியாகப் பிடிக்காது, அடுக்கு வைப்பதென்றால் கிளிட்டர்தான் கடைசி அடுக்கு.

ஃபாயில் மெல்லியது, கண்ணாடி மாதிரி பளபளக்கும், பொடி எழுத்தும் சுத்தமாக வரும், புகைப்படத்தில் அதுதான் எடுப்பு. ஆனால் துணி இழுபடும் இடத்தில் சுருங்கும், துவைக்கத் துவைக்க மங்கும். ஒரு நாள் குடும்ப தினச் சட்டைக்குச் சரி, பிள்ளை வாரா வாரம் டியூஷனுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டைக்கு வேண்டாம்.

கல்லின் ஜொலிப்புக்கு மற்ற இரண்டும் கிட்டே வராது. ஆனால் அடுக்க நேரம் பிடிக்கும், சட்டை கனக்கும், தோளில் பால்குடமோ பையோ உரசினால் ஒவ்வொன்றாய்க் கழன்றுவிடும். பெண் பிள்ளைகள் சட்டையில் கழுத்தோரம் ஒரு வரிசையோடு நிறுத்திக்கொண்டால் அழகு.

துணியையும் கேட்டு வாங்குங்கள். இங்கே குழுச் சட்டை பெரும்பாலும் ஜெர்சி துணிதான், அது பாலியெஸ்டர். சூடு கூடினால் பளபளவென்று அழுத்தின தடம் விழும், சிவப்பு ஜெர்சியில் வெள்ளை வினைல் நாளடைவில் ரோஸ் நிறமாகிவிடும், ஏனென்றால் துணிச் சாயம் மேலே ஏறும். அதற்குக் குறைந்த சூட்டில் ஒட்டும் வினைல் தனியாக இருக்கிறது, கடையில் கேட்டால் தருவார்கள்.

நாற்பது ஐம்பது சட்டை என்றால் எழுத்தையும் மற்ற படத்தையும் டிடிஎஃப் பிரிண்டில் (ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றும் முறை) கொடுத்துவிட்டு, வேல் உருவத்தை மட்டும் கிளிட்டரில் ஒட்டுங்கள். நெஞ்சு முழுக்க கிளிட்டர் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள், வெயிலில் நடக்கிறவர்களுக்கு அந்த இடத்தில் காற்றே போகாது, வியர்வை கசகசக்கும்.

ஒட்டின சட்டைக்கு ஒரு நாள் கழித்தே தண்ணீர் காட்டுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுத் துவையுங்கள், குளோராக்ஸ் மாதிரி பிளீச் கூடவே கூடாது, இஸ்திரிப் பெட்டியை வினைல் மேல் நேராக வைக்காதீர்கள்.