காரின் உதறலுக்கு எண் சொல்லும் செயலி: ஃபைஃபாக்ஸ் எதுவரை உதவும்?

80 கிமீ வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது என்று பத்து வயதுக் காரை ஒர்க்ஷாப்பில் விட்டால் நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் பேலன்சிங், அடுத்து அலைன்மென்ட், பிறகு லோயர் ஆர்ம், ஆக்ஸில், கடைசியில் இன்ஜின் மவுண்டிங். மாற்றிக்கொண்டே போனால் ஏதோ ஒன்றில் உதறல் நின்றுவிடும், எது காரணம் என்பது மட்டும் தெரியாது. (இந்த வரிசையில் அலைன்மென்டுக்கு இடமே இல்லை. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரைத் தின்னும். உதறலுக்குக் காரணமாவது அரிது.)

அந்தக் காரணத்தைத் தேட உதவும் ஃபைஃபாக்ஸ் (phyphox) காருக்காகச் செய்யப்பட்டதல்ல. ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழக இயற்பியல் துறையினர் மாணவர்களின் சோதனைகளுக்காக உருவாக்கிய இலவசச் செயலி. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். போனுக்குள் இருக்கும் அதிர்வு சென்சாரையும் மைக்கையும் வைத்து, அதிர்வு நொடிக்கு எத்தனை முறை வருகிறது என்பதை வரைபடமாகக் காட்டும். நமக்கு வேண்டியவை இரண்டே பகுதிகள்: அக்செலரேஷன் ஸ்பெக்ட்ரம், ஆடியோ ஸ்பெக்ட்ரம்.

செயலி எண்ணைத்தான் தரும், பொருளை நாம்தான் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். 165/80 ஆர்14 டயரின் சுற்றளவு தாளில் 1.95 மீட்டர் வரும்; வண்டியின் எடையில் கொஞ்சம் அமுங்குவதால் ஓட்டத்தில் 1.9 மீட்டர் என்று கொள்ளலாம். இன்னும் துல்லியம் வேண்டுமானால் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஓட்டுநர் உட்கார்ந்திருக்க, வண்டியை ஒரு சுற்று தள்ளி டேப்பால் அளந்துகொள்ளுங்கள். வேகத்தை 3.6-ஆல் வகுத்து, வந்ததைச் சுற்றளவால் வகுத்தால் சக்கரம் நொடிக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று வரும். 80 கிமீ வேகத்தில் 11.7 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 11.7 முறை), 100-ல் 14.6. வேகத்தை ஸ்பீடோமீட்டரில் பார்க்காதீர்கள், அது பொதுவாகக் கூட்டித்தான் காட்டும். ஜிபிஎஸ் வேகமே சரி.

இன்ஜினுக்குக் கணக்கு இன்னும் எளிது. ஆர்பிஎம்மை (நிமிடச் சுற்றை) 60-ஆல் வகுத்தால் கிராங்க், அதாவது இன்ஜினின் சுழல்தண்டு, நொடிக்குச் சுழலும் எண்ணிக்கை. நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிவதால் அதன் இரு மடங்கில் அதிர்வு இருப்பது இயல்பு. ஐடிலிங் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும் வேகம்) 800 என்றால் 26.7 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டர் ஆல்ட்டோவில் அதுவே 20.

வெறும் ஐடிலிங்கில் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வரைபடத்தில் 26.7-ல் இருக்கும் கூர்முனை ஏசி போட்டதும் கணிசமாக உயர்ந்து, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி 1,200-க்குக் கொண்டு போனதும் அடங்கினால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். வெடிப்போ, எண்ணெய் நிரப்பிய மவுண்டிங்கில் கசிவோ இருக்கும். சைலன்சர் எங்காவது பாடியில் உரசினாலும் இதே போலத் தோன்றும், அதையும் குனிந்து பார்த்துவிடுங்கள். மாறாக 6.7 ஹெர்ட்ஸில் முனை எழுந்தால் அது கிராங்க் வேகத்தில் பாதி: நான்கில் ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. பிளக், காயில், இன்ஜெக்டர் என்று போக வேண்டும். இந்த நிலையில் மவுண்டிங் மாற்றினால் உதறல் உள்ளே தெரிவது குறையும், கோளாறு அப்படியே இருக்கும்.

ஓட்டத்தில் எடுக்கும்போது போனை ஓட்டுநர் தொடக் கூடாது. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். கிளம்புமுன் டயர் காற்றைச் சரி செய்து, டிக்கியைக் காலி செய்துகொள்ளுங்கள். போனைக் கையில் பிடித்தாலோ வளையும் ஹோல்டரில் மாட்டினாலோ கையின் ஆட்டமும் ஹோல்டரின் ஆட்டமும்தான் பதிவாகும். சீட் ரெயிலிலோ, மிதியடியை விலக்கிய தரையிலோ இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுவதே நல்லது. இன்ஜின் மேல் மட்டும் ஒட்டாதீர்கள். பைக் இன்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது. ஒரு பதிவுக்கு எத்தனை முறை அளக்க வேண்டும் என்ற எண்ணிக்கையை 1,024-க்கு வைத்தால், நொடிக்கு 100 முறை அளக்கும் போனில் ஒரு பதிவுக்குப் பத்து நொடி பிடிக்கும், பதிலுக்கு 0.1 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். அந்தப் பத்து நொடியும் வேகம் மாறாமல் இருக்க வேண்டும். மாறினால் முனை பரந்து குன்றாகிவிடும்.

80-ல் 12 ஹெர்ட்ஸ் அருகே முனை தெரிந்ததும் ‘சக்கரம்தான்’ என்று முடிவு கட்டிவிடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சஸ்பென்ஷனில் தொங்கும் சக்கரமும், அது பூட்டப்படும் ஹப்பும் தாமாகவே 10 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள் துள்ளும் இயல்புடையவை. சாலை கரடுமுரடாக இருந்தால் குறையே இல்லாத காரிலும் அங்கே மேடு தெரியும். 70, 80, 90 என மூன்று வேகங்களில் எடுத்துப் பாருங்கள். 10.2, 11.7, 13.2 என்று முனை நகர்ந்தால் சக்கரம். நகராமல் நின்றால் சாலையும் ஷாக் அப்சார்பரும். சக்கரத்தின் உதறல் 80–100-ல் வந்து 110-க்கு மேல் மறைவதும் இதனால்தான்: அந்த வேகத்தில் சக்கரச் சுழற்சியும் சஸ்பென்ஷனின் துள்ளலும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன.

நகர்கிறது என்றால் பேலன்சிங் செய்யுங்கள். அதன் பிறகும் அதே முனை அதே உயரத்தில் நின்றால் எடைக்கட்டி ஒட்டுவதில் பயனில்லை. ரிம் வளைவு, டயருக்குள் பெல்ட் பிரிந்து எழுந்த வீக்கம், ஹப் முகத்தில் துரு ஆகியவற்றைப் பாருங்கள். வெளியில் வாங்கிய அலாய் வீல் என்றால், நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்து, இடைவெளியை அடைக்கும் வளையம் போடாமல் விட்டிருக்கலாம். பிரேக் அடித்தால் மட்டும் வரும் உதறலுக்கும் சக்கரத்தின் எண்தான் காட்டும், ஆனால் காரணம் டிஸ்க். இரு மடங்கில், அதாவது 80-ல் 23 ஹெர்ட்ஸ் அருகே, முனை வந்தால் டயர் வட்டம் தப்பியிருக்கலாம். சாதாரண பேலன்சிங் மெஷினுக்கு அது தெரியாது. மும்மடங்கு, 35 ஹெர்ட்ஸ், அதுவும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்து காலை எடுத்ததும் போனால் ஆக்ஸிலின் உள்பக்க ஜாயின்ட். அதற்குள் இருக்கும் மூன்று உருளைகள்தான் அந்த மூன்றுக்குக் காரணம்.

பொலேரோ, ஓம்னி, குவாலிஸ் போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் இன்ஜினின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் சேர்க்க வேண்டும். 215/75 ஆர்15 டயர், டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை) 4.1 என்று வைத்துக்கொண்டால் 80-ல் ஷாஃப்ட் 41 ஹெர்ட்ஸில் சுழலும். யுனிவர்சல் ஜாயின்ட் கோளாறு அதன் இரு மடங்கான 82-ல் தெரியும்.

செயலியின் முதல் பலவீனம் இங்கேதான். நொடிக்கு 100 முறை அளக்கும் போனில் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் சரியாகத் தெரியாது. தெரியாமல் போனால்கூடப் பரவாயில்லை, பொய்யாகவும் தெரியலாம். 2,400 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் இன்ஜினின் 80 ஹெர்ட்ஸ் அதிர்வு, இந்தப் போனில் 20 ஹெர்ட்ஸ் முனையாக வேடம் போடும். பிடிக்க வழி உண்டு: ஆர்பிஎம்மைக் கூட்டினால் உண்மையான முனை ஏற வேண்டும், பொய் முனை இறங்கும். 200 முறை அளக்கும் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் 100 ஹெர்ட்ஸ் வரை தொல்லை இல்லை.

சத்தத்துக்கு ஆடியோ ஸ்பெக்ட்ரம் சுமார்தான். ஜன்னலை மூடி, ஏசி ஃபேனை நிறுத்தி எடுத்தாலும் வீல் பேரிங்கின் உறுமலையும், திட்டுத்திட்டாகத் தேய்ந்த டயரின் உறுமலையும் அது பிரித்துத் தராது. பழைய முறையே மேல். காலிச் சாலையில் மெதுவாக இடம் வலம் வளையுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது உறுமல் கூடினால் எடை ஏறும் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகியுங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறவில்லை என்றால் முன், பின் டயர்களை இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள், சத்தமும் இடம் மாறினால் டயர். நியூட்ரலில் உருட்டியும் பார்க்கலாம். அப்போதும் தொடர்ந்தால் இன்ஜினைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் ஓட்டத்தில் சாவியை அணைக்கவே கூடாது: பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரின் உதவியும் போய்விடும், சாவியை முழுதும் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளலாம்.

வேகத்தடையில் வரும் ‘டொக்’ சத்தத்துக்கு இந்தச் செயலி உதவாது. லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட், பால் ஜாயின்ட் போன்ற சஸ்பென்ஷன் பாகங்கள் எல்லாம் ஒரே ஒரு அடிதான் அடிக்கும், திரும்பத் திரும்ப வராத அடிக்கு ஸ்பெக்ட்ரத்தில் எண் கிடையாது. அதற்குக் கடப்பாரையும் ஜாக்கியும், பக்கத்தில் நின்று பானட்டை அழுத்த ஓர் ஆளும்தான் வேண்டும்.

விளம்பரம் இல்லாத, காசு கேட்காத செயலி என்பதால் இந்தக் குறைகளோடும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் வேகம், ஹெர்ட்ஸ், எந்த கியர், பிரேக்கிலா ஆக்சிலரேட்டரிலா என்பதை எழுதிக் கொடுங்கள். பதிவை எக்செல் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு. வேலை முடிந்ததும் அதே சாலை, அதே வேகம், அதே காற்றழுத்தம், போனும் அதே இடத்தில் என்று மறுபடி எடுத்து, காசு கொடுக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.